ஈரான் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அம்மாவை (வயது 67) ஈரானுக்கு அழைத்துப்போக ஆசை. நிலைமை சரியாகட்டும் என்று இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. சரி, திட்டத்தையாவது போட்டு வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஷிராஸ், யஸ்த், இஸ்பஹான், மொத்தம் 10 நாள். மார்ச் கடைசியில் நவ்ரூஸ் (பாரசீகப் புத்தாண்டு) கூட்டம் நெரியும் என்பதால் ஏப்ரல் நடுவில்.

முதல் கவலை, ஷிராஸ் பக்கத்தில் இருக்கும் பழைய பாரசீகத் தலைநகரம் பெர்சிபொலிஸ். மேடைக்கு ஏறும் பெரிய படிக்கட்டில் 111 படிகள். ஒவ்வொன்றும் சுமார் 10 செ.மீ. உயரம்தான், ஆனாலும் அம்மாவின் முழங்கால் தாங்குமா? மேலே உட்கார நிழல் உண்டா? அபதானா மண்டபத்தின் கிழக்குப் படிக்கட்டில் பேரரசருக்குக் காணிக்கை கொண்டுவரும் இந்தியர்களின் சிற்பம் இருக்கிறது, கூடவே ஒரு கழுதையும். அதைப் பார்க்காமல் திரும்ப மாட்டாராம்.

ஷிராஸின் நசீர் அல்-முல்க் மசூதியில் வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் தரையில் விழுவது காலையில்தான். எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு?

இஸ்பஹானுக்கு ஒரு நாள் போதும் என்கிறார் நண்பர். ஷேக் லொத்ஃபுல்லா மசூதிக் குவிமாடத்தில் பதித்த ஓடுகளின் வேலைப்பாட்டுக்கே அரை நாள் வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் எத்தனை நாள் தங்கினீர்கள்?

வெளிநாட்டு வங்கி அட்டைகள் அங்கே செல்லாது. ரொக்கமாக யூரோ வசதியா, டாலரா? அப்புறம், அம்மா சுத்த சைவம். கபாப் ஊரில் என்ன சாப்பிட்டுச் சமாளித்தீர்கள்?