500 மி.மீ.யில் பூநாரை மட்டும் மங்கல்: லென்ஸை விற்றுவிடலாமா?

முலுண்டு மீனா

வணக்கம். நிக்கான் டி7500 கேமராவில் 200-500 மி.மீ. எஃப் 5.6 ஜூம் லென்ஸ் பயன்படுத்துகிறேன். லென்ஸ் புதிதல்ல, இன்னொருவர் வைத்திருந்ததை வாங்கினேன். எங்கள் குடியிருப்பில் கேபிள் கம்பியின் மீது வந்து உட்காரும் மீன்கொத்தியை எடுத்தால் அலகில் ஒட்டிய சேறுகூடத் தெரிகிறது. அதே லென்ஸை மும்பையை அடுத்த தானே கழிமுகத்தின் கரையில் உள்ள ஐரோலிக்குக் கொண்டுபோய், படகிலிருந்து பூநாரைகளை எடுத்தால் ஒரு படமும் தேறுவதில்லை. கேமராத் திரையில் நன்றாகத்தான் இருக்கிறது. கணினியில் பெரிதாக்கினால், கண் இருக்க வேண்டிய இடத்தில் விரலால் தேய்த்துவிட்டாற்போல ஒரு கறை.

500 மி.மீ., லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஷட்டர் 1/1600 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400 முதல் 640 வரை. நடுக்கத் தடுப்பு நார்மலில் இருந்தது. ஒற்றைப் புள்ளி ஃபோகஸைத் தலையின் மீதே வைத்தேன். ட்ரைபாட் இல்லை, கையில் பிடித்துத்தான் எடுக்கிறேன். படகு கிடைத்தது முற்பகல் பதினொன்றுக்கு மேல்.

கடையில் காட்டினேன். இந்த விலை லென்ஸ் 500இல் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விற்றுவிட்டு வேறு வாங்கும் நிலையில் நான் இல்லை. என்ன செய்யலாம்?

டோம்பிவிலி அரவிந்த்

விற்றுவிடுங்கள் அக்கா. ஜூம் லென்ஸின் கடைசி முனை எப்போதும் கொஞ்சம் மங்கல்தான். திறப்பைக் குறைத்து எஃப் 8க்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு மாறிவிடுவது நல்லது.

செம்பூர் கணபதி

தம்பி, அடுத்தவர் பணத்தில் கேமரா வாங்குவது எல்லோருக்கும் எளிது. மீன்கொத்தி துல்லியமாக வருகிறது என்று அவர் முதலிலேயே எழுதிவிட்டார். கண்ணாடியில் பழுது இருந்தால் மீன்கொத்திக்கு ஒரு நியாயம், பூநாரைக்கு ஒரு நியாயம் என்று அது பார்க்காது.

மீனா, பறவை ஏறத்தாழ எவ்வளவு தூரத்தில் இருந்தது? தொடர்ச்சியாக எடுத்த படங்கள் எல்லாம் ஒரே மாதிரி மங்கலா, ஒன்றுக்கொன்று மாறுகிறதா? லென்ஸுக்கு முன்னால் ஃபில்டர் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா? இவற்றைச் சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.

வாஷி நாரை

கணபதி ஐயா சொன்னதில் ஒரு சிறிய திருத்தம். டி7500 போன்ற டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பிசகு எல்லாத் தூரத்திலும் ஒரே அளவில் இருக்காது. பக்கத்தில் சரியாக இருந்துவிட்டுத் தூரத்தில் தவறலாம். ஆகவே அதையும் சோதித்துவிட வேண்டும்.

மங்கலுக்கும் முகம் உண்டு, உற்றுப் பார்த்தால் அடையாளம் தெரியும். ஃபோகஸ் தவறியிருந்தால் பறவை மங்கி, அதற்குச் சற்று முன்னாலோ பின்னாலோ உள்ள சேறு பளிச்சென்று இருக்கும். கை ஆடியிருந்தால் விளிம்புகள் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். தண்ணீரில் மின்னும் ஒளிப்புள்ளிகள் சிறு கோடுகளாகத் தெரியும். பிழை காற்றில் என்றால் படத்தில் எங்குமே கூர்மை இருக்காது. நேரான கால் நெளியும், அடுத்த படத்தில் அந்த நெளிவு வேறிடத்துக்குப் போயிருக்கும்.

விடியற்காலையில் மொட்டை மாடியில் கேமராவை ட்ரைபாடில் வைத்து, எதிர்க் கட்டடத்துப் பெயர்ப்பலகையை எடுங்கள். ஒருமுறை வியூஃபைண்டர் வழியாக, ஒருமுறை லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து. லைவ் வியூ படம் மட்டும் கூர்மையாக வந்தால் பிழை ஃபோகஸில். டி7500இன் மெனுவிலேயே ஏஎஃப் ஃபைன் ட்யூன் என்ற ஃபோகஸ் திருத்தம் இருக்கிறது, அதில் சரிசெய்துகொள்ளலாம்.

முலுண்டு மீனா

பக்கத்து வீட்டில் ட்ரைபாட் இரவல் வாங்கிச் சோதித்துவிட்டேன். வியூஃபைண்டருக்கும் லைவ் வியூவுக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. ஆனால் லென்ஸில் முன்பிருந்தவர் மாட்டிவைத்த 95 மி.மீ. யூவி ஃபில்டர் ஒன்று இருந்தது. அதைக் கழற்றியதும் எழுத்துகளைச் சுற்றித் தெரிந்த மங்கிய நிழல் மறைந்துவிட்டது. மீன்கொத்திப் படங்கள் இன்னும் நன்றாக வந்திருக்கும் போல!

பூநாரைகள் 150 மீட்டருக்குக் குறையாது என்று படகோட்டி சொன்னார். தொடர் படங்களை இப்போதுதான் வரிசையாகப் பார்த்தேன். பறவை அசையாமல்தான் நிற்கிறது. ஒரு படத்தில் அதன் கால் நடுவில் வளைந்திருக்கிறது. அடுத்ததில் கால் நேராகிவிட்டது, கழுத்து மட்டும் இரட்டைக் கோடாகத் தெரிகிறது. அதற்கடுத்த படம் சுமார். பின்னால் உள்ள அலையாத்தி மரங்களும் கூர்மையாக இல்லை.

செம்பூர் கணபதி

அப்படியென்றால் கானல்தான். ஃபில்டர் கால் பங்கு, கானல் முக்கால் பங்கு.

வெயிலில் சூடேறிய சேறு தனக்கு மேலே உள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்றும் அவ்வளவு சூடில்லாத காற்றும் கலந்து கலந்து புரளும்போது ஒளி நேராக வராமல் அங்குமிங்கும் வளைந்து வருகிறது. தூரம் கூடக்கூட இந்த வளைவு சேர்ந்துகொண்டே போகும். படகில் உட்கார்ந்திருப்பவரின் பார்வை சேற்றை உரசிக்கொண்டு போவதால், இருக்கும் இடங்களில் மோசமான இடம் அதுதான். ஷட்டரை 1/4000 ஆக்கினால் அந்த நெளிவு இன்னும் நன்றாக உறைந்து பதிவாகும், அவ்வளவுதான். எஃப் 8க்குப் போனாலும் காற்று தெளிந்துவிடாது. 25 லட்ச ரூபாய் லென்ஸும் இந்தக் காற்று வழியாகத்தான் பார்த்தாக வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சிறு பூநாரை நிமிர்ந்து நின்றால் ஏறக்குறைய 85 செ.மீ. 150 மீட்டரில், 500 மி.மீ.யில், டி7500இல் அது சுமார் 670 பிக்சல் உயரத்துக்குத்தான் பதிவாகும். தலைக்கு அதில் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். அதே பறவை 40 மீட்டரில் நின்றால் 2,500 பிக்சல். லென்ஸின் பின்னால் மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டர் வாங்கச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். ஒளி குறைந்து நெளிவுதான் பெரிதாகும்.

டோம்பிவிலி அரவிந்த்

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடியற்காலையிலேயே போய்விடலாமே? பதினொரு மணிக்கு ஏன் போக வேண்டும்?

வாஷி நாரை

நம் விருப்பத்துக்குப் படகு புறப்படாது தம்பி. ஓதம் (கடல் ஏற்றம்) ஏறி, கழிமுகத்தில் தண்ணீர் இருந்தால்தான் ஓட்ட முடியும். இங்கேதான் பஞ்சாங்கம் உதவும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் உச்சிக்கு வருவது ஏறத்தாழ நண்பகலிலும் நள்ளிரவிலும். நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளிப் போகும். ஆகவே விடுமுறை நாள் பௌர்ணமியில் விழுகிறது என்று மகிழ்ந்து படகுக்குப் பதிந்தால், கானல் கொதிக்கும் நேரத்தில்தான் கொண்டுபோய் விடுவார்கள்.

தசமி, ஏகாதசி வாக்கில் பாருங்கள். காலை எட்டு மணியை ஒட்டி ஓதம் உச்சிக்கு வரும். வெயில் ஏறியிருக்காது, பக்கவாட்டு ஒளியும் கிடைக்கும். அந்த நாட்களில் தண்ணீர் பௌர்ணமி அளவுக்கு உயராது. சேற்றின் ஒரு பகுதி வெளியே தெரியும், பறவைகளும் அதில் மேய்ந்துகொண்டிருக்கும். நேரத்தை ஓத அட்டவணையில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு ஐரோலி மையத்தில் பதிவு செய்யுங்கள். 2015 முதல் அந்தக் கழிமுகப் பகுதி பூநாரைச் சரணாலயம். பறவைகளை எழுப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கலாம் என்று படகில் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

தாராவி ஜெயா

அக்கா, ஒன்றை விட்டுவிட்டார்கள். இரவு ஏசி அறையில் வைத்த லென்ஸை நேரே வெளியே எடுத்தால் மும்பைக் காற்றின் ஈரம் கண்ணாடியில் பனித்துவிடும். துடைத்தாலும் திரும்பத் திரும்ப வரும். முதல் நாள் இரவே பையோடு கூடத்தில் வைத்துவிடுங்கள். அப்புறம் இந்த லென்ஸ் ஜூம் செய்யும்போது நீளும், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பழையது என்பதால் டார்ச் அடித்து உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

முலுண்டு மீனா

பார்த்துவிட்டேன் ஜெயா. தூசி இருக்கிறது, பூஞ்சை இல்லை. எல்லோருக்கும் மிக்க நன்றி. அடுத்த ஏகாதசிக்கு அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லப் போகிறேன். காரணம் கேட்டால் விரதம் என்று சொல்லிக்கொள்ளலாம்! கடைசியாக ஒன்று: 2.3 கிலோவைத் தூக்கிப் பிடிக்கக் கை கடுக்கிறது. ட்ரைபாடைப் படகில் ஏற்றலாமா?

வாஷி நாரை

வேண்டாம். எஞ்சின் ஓடும்போது அதிர்வு தரை வழியாக ட்ரைபாடில் ஏறி லென்ஸுக்கு வந்துவிடும். மோனோபாடுக்கும் (ஒற்றைக்கால் தாங்கி) அதே கதைதான். படகின் விளிம்பிலும் லென்ஸைச் சாய்க்காதீர்கள். உட்கார்ந்து, முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றிப் பிடியுங்கள். பறவை அருகில் வரும்வரை லென்ஸை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கத் தடுப்பை ஸ்போர்ட்டுக்கு மாற்றுங்கள்; தொடர்ந்து எடுக்கும்போது வியூஃபைண்டரில் காட்சி துள்ளாது. ஃபோகஸ் சுவிட்சை முடிவிலி - 6 மீட்டர் பக்கம் தள்ளிவிட்டால் லென்ஸ் ஃபோகஸைத் தேடித் தேவையில்லாமல் முன்னும் பின்னும் அலையாது. ஃபில்டர் இல்லாவிட்டாலும் லென்ஸின் முன்னால் மாட்டும் ஹுட் கட்டாயம். உப்புத் தண்ணீர் தெறிக்கும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுப் பிறகு பையில் வையுங்கள்.