62 சதவீதம் பேர் திறந்தார்களாம்!

தபால்காரன்:
நேற்று நெசவுமணி இங்கே ஒரு வெற்றிக்கதை சொன்னார். சேலைக்கடை மெயிலின் தலைப்பில் வாடிக்கையாளர் பெயரைச் சேர்த்தாராம், ஓப்பன் ரேட், அதாவது மெயிலைத் திறந்தவர்கள் விகிதம், 62 சதவீதமாம். எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். 2021 செப்டம்பரில் ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 வந்தது. அதிலிருந்து, தனியுரிமைப் பாதுகாப்பை வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் மெயில் செயலியே படங்களை இறக்கிவைக்கிறது, ஆள் திறந்தாலும் திறக்காவிட்டாலும். திறந்ததைக் கணக்கெடுக்கும் கண்ணுக்குத் தெரியாத பிக்சல் என்ற புள்ளிப்படமும் அந்தப் படங்களில் சேர்த்தி; அது இறங்கினாலே திறந்ததாகக் கணக்கு. அந்த 62இல் மனிதர்கள் எத்தனை பேர் ஐயா?

நெசவுமணி:
பொறாமைக்கு மருந்தில்லை. 62 என்றால் 62. ஸ்கிரீன்ஷாட்டே போட்டிருக்கிறேன். போன தீபாவளிக்கு 31தான் வந்தது. பெயர் சேர்த்தேன், இரட்டிப்பானது. வேறென்ன காரணம்?

தபால்காரன்:
காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த வருடம்தான் டொராண்டோ, லண்டன் வாடிக்கையாளர்களைப் பட்டியலில் சேர்த்தீர்கள். அங்கே பாதிப் பேர் கையில் ஐஃபோன். அது கிடக்கட்டும், க்ளிக் எவ்வளவு, அதாவது மெயிலில் இருந்த இணைப்பைத் தட்டியவர்கள் எத்தனை பேர்? சேலை எத்தனை போனது?

நெசவுமணி:
க்ளிக் வேறு பேச்சு. நான் சொன்னது ஓப்பன். 62.

கடலைமிட்டாய்:
நானும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறேன். எனக்கு வந்த தலைப்பு: "வணக்கம் முதல்பெயர், உங்களுக்காக ஒரு காஞ்சிப்பட்டு". என் மனைவி இரண்டு நாளாக என்னை முதல்பெயர் என்றே கூப்பிடுகிறாள்.

நெசவுமணி:
பெயர் பதியாமல் விட்டது உங்கள் தப்பு.

சர்வர்சாமி:
பெயர் இல்லாதவர்களுக்கு "வணக்கம்" மட்டும் போகும்படி வைக்க ஒரு நிமிடம் ஆகாது. அதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மெயில் உண்மையில் அவர்களிடமிருந்துதான் வருகிறது என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் வேண்டும். விளம்பர மெயிலில் ஒரே க்ளிக்கில் விலகும் வசதியும் வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. விலைக்கு வாங்கிய பட்டியல் என்றால் அந்த அளவு எங்கே நிற்கும்?

நெசவுமணி:
யார் பேசுவது பாருங்கள்! போன வருடம் 'சுத்தமான பட்டியல்' என்று எனக்கு விலை சொன்னவர் நீங்கள்தானே?

சர்வர்சாமி:
அது என் மைத்துனர். அவர் கணக்கு வேறு, என் கணக்கு வேறு.

கடலைமிட்டாய்:
மைத்துனர் பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலிலிருந்து விலகும் இணைப்பு எங்கே? தேடித் தேடிக் கண் வலிக்கிறது.

நெசவுமணி:
கடைசியில் இருக்கிறது. கண்ணாடி மாற்றுங்கள்.

தபால்காரன்:
இருக்காது. மெயிலின் ஹெச்டிஎம்எல், அதாவது அதை வடிவமைக்கும் குறிமுறை, 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். இவர் ஒரே மெயிலில் நாற்பது சேலையை அடுக்கினார். கடைசியில் இருந்த இணைப்பு அதோடு போயிற்று. கணக்கெடுக்கும் பிக்சலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நெசவுமணி:
ஆஹா! அப்படியானால் ஜிமெயிலில் திறந்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை. அசல் எண் 62க்கும் மேலே! நன்றி தபால்காரரே.

தபால்காரன்:
க்ளிக் எவ்வளவு?

நெசவுமணி:
70கூட இருக்கலாம்.

தபால்காரன்:
க்ளிக்.