தனி ஊசலில் ஜி மதிப்பு நீளத்துக்கு நீளம் மாறுகிறது, என்ன காரணம்?

தாவரவியல் மாணவி:
வணக்கம். எனக்கு இயற்பியல் துணைப்பாடம். தனி ஊசல் செய்முறையில் ஈர்ப்பு முடுக்கம் (ஜி) குறைவாகவே கிடைக்கிறது. 20 அலைவுகளுக்கு ஆன நேரம்:

40 செ.மீ. – 25.86 வி
60 செ.மீ. – 31.48 வி
80 செ.மீ. – 36.24 வி
100 செ.மீ. – 40.44 வி

ஜி = 4பை² × நீளம் ÷ (ஓர் அலைவுக்கான நேரம்)² என்று கணக்குப் போட்டால் ஜி வரிசையாக 9.45, 9.56, 9.62, 9.66 மீ/வி². சராசரி எடுத்து 9.57 என்று எழுதிவிடு என்கிறார்கள் கூடப் படிப்பவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

வேதியியல் மாணவர்:
எப்படி எண்ணினீர்கள்? ஸ்டாப்வாட்சை அழுத்தும்போது 'சுழி' என்று தொடங்க வேண்டும். 'ஒன்று' என்று தொடங்கினால் உண்மையில் 19 அலைவுகள்தான் ஆகியிருக்கும். குண்டை ரொம்ப விலக்கி விட்டாலும் தப்பு வரும்.

ஆய்வகப் பயிற்றுநர்:
இரண்டும் நல்ல சந்தேகம்தான், ஆனால் இங்கே பொருந்தாது. ஓர் அலைவு குறைந்திருந்தால் ஜி கூடி 10.9 பக்கம் போயிருக்கும். வீச்சு, அதாவது குண்டை விலக்கும் கோணம், 30 பாகை இருந்தால் அலைவுநேரம் சுமார் 1.7% கூடும், ஜி குறையும். ஆனால் எல்லா நீளத்திலும் ஒரே விகிதத்தில் குறையும். உங்கள் எண்களோ நீளம் கூடக் கூட 9.8-ஐ நெருங்குகின்றன. நீளத்தில் ஏதோ ஒரு மாறாத அளவு விடுபட்டால்தான் இப்படி வரும். அது 40 செ.மீ.-இல் பெரிதாக உறைக்கும், 100-இல் அவ்வளவாகத் தெரியாது. சராசரி எடுத்தால் இந்தத் தடயமே அழிந்துபோகும், நல்லவேளை நீங்கள் எடுக்கவில்லை. எங்கிருந்து எது வரை அளந்தீர்கள்?

தாவரவியல் மாணவி:
நூலைப் பிடித்திருக்கும் தக்கையின் அடியிலிருந்து குண்டின் கொக்கி தொடங்கும் இடம் வரை, அதாவது நூலை மட்டும்.

ஆய்வகப் பயிற்றுநர்:
சரி, அதுதான். ஊசலின் நீளம் குண்டின் மையம் வரை. இப்போது படுக்கை அச்சில் நீங்கள் அளந்த நீளத்தையும் (மீட்டரில்) செங்குத்து அச்சில் அலைவுநேரத்தின் வர்க்கத்தையும் வைத்து வரைபடம் போடுங்கள். அச்சை 40-இல் தொடங்காதீர்கள், சுழியிலிருந்து தொடங்குங்கள். கோட்டை வலுக்கட்டாயமாக ஆதிப்புள்ளி வழியே இழுக்கவும் வேண்டாம். பலர் அங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். சாய்வு ஏறக்குறைய 4.03 வரும். 4பை², அதாவது 39.48-ஐ அதால் வகுத்தால் ஜி 9.80. விடுபட்ட நீளம் சாய்வைத் தொடாது, கோட்டை மேலே தூக்கிவிடும், அவ்வளவுதான். கோடு செங்குத்து அச்சை 0.06 அருகே வெட்டும். அதைச் சாய்வால் வகுத்தால் 0.015 மீ. ஆக, விடுபட்டது 1.5 செ.மீ.

தாவரவியல் மாணவி:
வெர்னியர் அளவுகோலில் அளந்து பார்த்தேன். குண்டின் விட்டம் 2.0 செ.மீ., கொக்கி 0.5 செ.மீ. ஆரத்தையும் கொக்கியையும் கூட்டினால் அதே 1.5! குண்டைத் தொடாமலே வரைபடம் இதைச் சொல்லிவிட்டதே, மிகவும் நன்றி. ரெக்கார்டில் பழைய நீளங்களை அழித்துவிட்டு 41.5, 61.5 என்று எழுதலாமா?

ஆய்வகப் பயிற்றுநர்:
அழிக்காதீர்கள். அளந்தது அளந்தபடியே இருக்கட்டும். பக்கத்தில் 'மையம் வரை நீளம்' என்று புதிய நிரல் போட்டு, வெர்னியர் அளவுகளைக் கீழே எழுதுங்கள். புதிய நீளங்களுக்குத் தனித்தனியாகக் கணக்கிட்டாலும் நான்கிலும் ஜி 9.80-ஐ ஒட்டியே வரும்.