ஆராய்ச்சிப் பால்பண்ணையில் மாடு பார்க்கும் வேலை: உள்ளே இருந்தவர்கள் சொல்லுங்கள்

கேட்டவர்: செவலைக்கன்று

மாடு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். பத்து வயதிலிருந்து பால் கறக்கிறேன். சாணி அள்ளுவது, தீவனம் கலப்பது, கன்று ஈனும்போது கூட நிற்பது எதுவும் புதிதில்லை. இப்போது ஓர் ஆராய்ச்சிப் பால்பண்ணையில் பண்ணையாள் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நேர்முகத்தில் என்னைக் கறக்கவே சொல்லவில்லை. ஒரு தராசைக் காட்டி, அதில் வந்த எண்ணைத் தாளில் எழுதச் சொன்னார்கள். அவ்வளவுதான். எனக்குக் கையெழுத்து சுமார்தான். அது ஒரு பயம்.

இன்னொன்று, கொட்டகையைச் சுற்றிக் காட்டியபோது ஒரு மாட்டின் இடது விலாவில் ரப்பர் மூடி போட்ட ஓட்டை இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அதே நினைப்பு. அதற்கு வலிக்காதா? சாதாரணப் பண்ணைக்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம்? வேலை பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: கொட்டகை அக்கா

தம்பி, நான் 11 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். உன்னைத் தராசு முன்னால் நிறுத்தியது சரிதான். கறக்கத் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதுதான் இங்கே வேலை.

நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு மாடு தொட்டியைச் சுத்தமாக நக்கி வைத்திருந்தது. நம் வீட்டுக் கணக்கில் அது நல்ல செய்தி, இல்லையா? சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். மேற்பார்வையாளருக்கு முகம் மாறிவிட்டது. தொட்டி காலி என்றால் அந்த மாடு இன்னும் எவ்வளவு தின்றிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் போட்டதில் 5 முதல் 10 சதவீதம் மிஞ்சும்படிதான் போடுவோம். மறுநாள் காலை புதுத் தீவனம் போடும் முன், மாடு மாடாக மிச்சத்தை அள்ளி எடை போட வேண்டும். எங்கள் கொட்டகையில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு தொட்டி. காதுப் பட்டையில் இருக்கும் சிப்பைப் பார்த்து அதற்குரிய கதவு மட்டும் திறக்கும். அப்படியும் ஒன்று இருந்தது, பக்கத்து மாடு தலையை விட்டதும் பின்னாலிருந்து முட்டித் தள்ளிவிட்டு அந்தத் தொட்டியில் வாய் வைத்துவிடும். கண்ணில் பட்டால் அதையும் எழுதுவோம்.

மிச்சத்தில் ஒரு பிடி எடுத்து உலர்கலனில் வைத்து ஈரம் போக்கி மறுபடி எடை பார்ப்பார்கள். சைலேஜ், அதாவது குழியில் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த பசுந்தீவனம், அதில் பாதிக்கு மேல் தண்ணீர். குழியின் முகப்பில் மழை பெய்தால் நேற்றைய 40 கிலோவும் இன்றைய 40 கிலோவும் ஒன்றில்லை. மழை பெய்ததைத் தாளில் போடவில்லை என்றால் மாடு ஏன் அதிகம் தின்றது என்று படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். நாலு மாடு, நாலு விதத் தீவனம், ஒவ்வொரு தீவனத்துக்கும் ஒரு நிறத்தில் அட்டை. ஒவ்வொரு மாடும் முறை வைத்து நாலையும் தின்னும். இலத்தீன் சதுரம் என்பார்கள். ஒரு முறைக்கு 21 நாள். முதல் 14 நாள் மாட்டின் வயிறு பழகுவதற்கு, கடைசி 7 நாள் பாலும் சாணமும் மாதிரி எடுப்பதற்கு. அந்தக் கடைசி வாரத்தில் ஒரு நாள், விடியற்காலை 4 மணி, மஞ்சள் அட்டைத் தீவனத்தை நீல அட்டை மாட்டுக்குக் கொட்டிவிட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் கொஞ்சம் தின்றுவிட்டது. கொட்டகையில் வேறு யாரும் இல்லை. மீதியை அள்ளிவிட்டுச் சரியானதைப் போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தம்பி, அந்த நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

மீதியை அள்ளி எடை போட்டு, மணி, மாட்டு எண், எந்த அட்டை, எத்தனை கிலோ உள்ளே போனது எல்லாவற்றையும் எழுதினேன். கை நடுங்கியது. அந்த மாட்டின் அந்த முறைக் கணக்கையே நீக்கிவிட்டார்கள். ஆய்வு செய்த பெண்ணுக்கு மூன்று வார உழைப்பில் நாலில் ஒரு பங்கு போனது. அவள் என்னைத் திட்டவில்லை. "நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் நான் இதைத் தீவனத்தின் குணம் என்று எழுதியிருப்பேன், அக்கா" என்றாள். அதன்பிறகு அட்டையை வாய்விட்டுப் படிக்காமல் ஒரு கூடையையும் நான் கவிழ்த்ததில்லை.

கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாதே. 1 எது, 7 எது என்று தெரிந்தால் போதும். தப்பாக எழுதினால் மேலேயே திருத்தி எழுதாதே. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பம் வை. 37.4 என்றால் 37.4தான், முப்பத்தேழரை இல்லை. பிறகு நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று மட்டும் விடாதே.

அந்த ஓட்டை. வயிற்றுக்குள் தீவனம் எப்படிச் செரிக்கிறது என்று பார்க்க, மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு அறுவை செய்து வைப்பது அது. அறுத்த முதல் சில நாள் வலி இருக்கும், அதற்கு மருந்து கொடுப்பார்கள். ஆறிய பிறகு அந்த மாடு தின்னும், அசை போடும், சினை பிடிக்கும், பல வருடம் இருக்கும். முதல் தடவை தோள்வரை உறை போட்டுக் கையை உள்ளே விட்டேன். 39 டிகிரிச் சூடு, நுரைத்த புல், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வயிறு சுருங்கி என் கையை இறுக்கி விட்டது. அந்த நேரத்திலும் அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்தது. தீவனம் எடுக்காமல் கிடந்த வேறொரு மாட்டுக்கு இதன் வயிற்றுச் சாற்றை வடிகட்டிக் குழாய் வழியே கொடுத்தோம். செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதில் இருக்கின்றன. ஆனாலும் உனக்கு மனசு கஷ்டப்பட்டது நல்லது. அந்தக் கஷ்டம் இருப்பவர்தான் மூடியைச் சுற்றிச் சீழ் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பார்.

பதில்: ஆய்வு மாணவி

கொட்டகை அக்கா சொன்னதோடு கறவையையும் சேர்க்கிறேன். காம்பைத் துடைத்து முதல் பீச்சு பார்த்த பிறகு மாடு சுரப்பு விட ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஆகும். பாலை இறங்க வைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் மூளையிலிருந்து ரத்தம் வழியாக மடிக்குப் போய்ச் சேரும் நேரம் அது. ஒருவர் உடனே இயந்திரத்தை மாட்டுகிறார், இன்னொருவர் மூன்று நிமிடம் கழித்து மாட்டுகிறார் என்றால், ஆள் மாறியதால் வந்த பால் வித்தியாசம் தீவன வித்தியாசமாகத் தாளில் ஏறிவிடும். அதட்டினாலும் அப்படித்தான், பயந்த மாடு பாலை அடக்கிக்கொள்ளும்.

என் ஆய்வில் எந்தத் தீவனம் எது என்று எனக்கே தெரியாது, எழுத்துக் குறியீடுதான். ஆனால் மாட்டைத் தினமும் பார்ப்பவர் நீங்கள்தான். ஒரு பண்ணையாள் அண்ணா, "எழுதக் கட்டம் இல்லை, ஆனால் பின்னங்கால் ஒன்றை ஊன்றத் தயங்குகிறது" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். பால் அளவு குறைந்தது இரண்டு நாள் கழித்துத்தான். குளம்பில் புண். கட்டம் இல்லாததை ஓரத்தில் எழுதுங்கள்.

கேட்டவர்: செவலைக்கன்று

அக்கா, இவ்வளவு எழுதியதற்கு நன்றி. அடுத்த வாரம் சேர்கிறேன். கடைசியாக ஒன்று. ஆய்வு முடிந்ததும் அந்த மாடுகள் என்ன ஆகும்? பெயர் வைத்துக் கூப்பிடலாமா?

பதில்: கொட்டகை அக்கா

பெரும்பாலும் மந்தைக்குத் திரும்பும், பிறகு வேறோர் ஆய்வுக்கு வரும். சினை நிற்காதது, மடிநோய் விடாதது எல்லாப் பண்ணையிலும் போல இங்கிருந்தும் போகும். அந்த வண்டி வரும் நாள் எனக்கு இன்னும் பழகவில்லை. பெயர் தாராளமாக வை. வாயில் பெயர் இருக்கட்டும், தாளில் எண்தான் வர வேண்டும்.

முதல் நாளே பேனாவைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள். மாடு மென்று பார்த்துத் துப்பாது, கிடைத்ததை விழுங்கிவிடும். உலோக முனை இரண்டாம் வயிற்றில் தங்கிக் குத்தினால் இதயம்வரை போகும். சட்டைப்பையில் ஊசி, ஆணி, சாவி எதுவும் வேண்டாம். தொட்டிக்கு மேல் குனிவாய், மறக்காதே.