கூந்தன்குளத்துக்கு ஒரு நாள்: எத்தனை மணிக்குப் போவது?

மதுரை மாடக்குளத்தான் கேட்டது:
பொங்கல் லீவில் நண்பர்கள் நான்கு பேர் திருநெல்வேலி வருகிறோம். ஒரு நாளைக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பைனாகுலர். ஒருவன் வரித்தலை வாத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறான், இன்னொருவன் பூநாரை (ஃபிளமிங்கோ) இல்லையென்றால் வரவே மாட்டானாம். காலையா, மாலையா? மதியச் சாப்பாட்டுக்கு என்ன வழி?

தாமிரபரணித் தண்ணி:
காலைதான். நெல்லையிலிருந்து மூலக்கரைப்பட்டி வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். விடியும்போது கரையில் நிற்க வேண்டுமானால் ஐந்து மணிக்கே வண்டி கிளம்பிவிட வேண்டும். போன தை மாதம் நாங்கள் ஐந்து பேர் போனோம். ஒருத்தன் குளிக்க, ஒருத்தன் டீ குடிக்க, வழியில் இட்லிக்கு நிற்க, போய்ச் சேரும்போது மணி பத்து. நடுக்குளத்தில் வாத்துக் கூட்டம் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தது. கானல் வேறு. எது நீலச்சிறகி, எது ஊசிவால் வாத்து என்று சண்டை போட்டதுதான் மிச்சம்.

வரித்தலை வாத்தை அடையாளம் காண்பது லேசு. வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை, இங்கே ஆடு மாட்டுக்குப் பக்கத்தில் சாதாரணமாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கும்.

ஆனால் எங்கள் நாளைக் காப்பாற்றியது குளம் இல்லை, ஊர்த்தெருதான். வெயிலுக்கு ஒரு வேப்பமரத்தடியில் ஒதுங்கினோம். தலைக்கு மேலே மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஒன்று குச்சியைக் கொண்டுவந்து கொடுக்கிறது. மற்றது வாங்கி ஒரு பக்கம் செருகிப் பார்த்து, பிடிக்காமல் பிடுங்கி, மறுபக்கம் செருகுகிறது. அப்புறம் இரண்டும் அலகைத் தட்டி டக டகவென்று ஒரு சத்தம். வளர்ந்த நாரைக்குக் குரலென்று சொல்ல ஒன்றும் கிடையாது, அலகுதான் பேசும். கீழே வீட்டு ஓடெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி எச்சம், மீன் கவிச்சி. அந்த வீட்டு ஆச்சி, “தள்ளி நில்லுங்கய்யா, சட்டை போயிரும்” என்று சொல்லி முடிக்கவில்லை, எங்கள் கேமராக்காரன் தோளில் விழுந்துவிட்டது. இந்த நாற்றத்தை எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டோம். “பேறுகாலத்துக்கு வந்த பிள்ளைகள வெரட்டவா முடியும்?” என்றார். தீபாவளிக்கு வேட்டு போடாத ஊர் அது. அதனால் தெருவில் பாட்டு, ஹாரன், கூச்சல் எதுவும் வேண்டாம்.

சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போங்கள். புளியோதரை சாயங்காலம் வரை தாங்கும்.

குளத்தங்கரைக் கொக்கு:
பூநாரைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. சில வருடம் வரும், சில வருடம் ஏமாற்றிவிடும். மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரை நம்பிய குளம் இது. ஆழம் கூடிப்போனால் பூநாரை நின்று இரை தேடத் தோதுப்படாது. கிளம்பும் முன் ஈபேர்டில் (பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிகிற இணையதளம்) அந்த வாரத்துப் பட்டியலைப் பாருங்கள். பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கும். ஒரு இடத்தில் 15 நிமிடமாவது நின்று, பார்த்ததையெல்லாம் எண்ணி ஈபேர்டில் ஏற்றினால் உங்கள் பட்டியலும் அந்தக் கணக்கில் சேரும். ஒருத்தர் பைனாகுலர், ஒருத்தர் நோட்டு, மற்ற இருவர் வெறுங்கண் என்று முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள். சண்டை குறையும்.

மதுரை மாடக்குளத்தான்:
நன்றி அண்ணாச்சி, ஐந்து மணி முடிவாகிவிட்டது. பூநாரைக்காரனிடம் குச்சி செருகுகிற கதையைச் சொன்னேன், முன் சீட் தந்தால் வருகிறானாம். ஒரே ஒரு சந்தேகம்: எச்சம் விழுந்தாலும் தெரியாதே, எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளலாமா?

தாமிரபரணித் தண்ணி:
வெள்ளையைப் பார்த்தால் வாத்து தூரத்திலேயே எழும்பிப் போய்விடும். பழைய காக்கியோ பச்சையோ போடுங்கள். தெருவுக்கு ஒரு குடை போதும்.