மறு: ஹெலிக்ஸ் – சுருளா, திருகா, புரியா?

அனைவருக்கும் வணக்கம்.

பிளஸ் டூ இயற்பியல் கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் 'ஹெலிக்ஸ்' (helix) என்பதற்குச் சுருள், திருகு, புரி இவற்றில் எந்தச் சொல்லைப் போடுவது என்றுதானே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு எங்கே இடிக்கிறது என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். சீரான காந்தப்புலத்தில் சாய்வாக நுழையும் எலக்ட்ரானின் வேகத்தைப் புலம் கூட்டாது, குறைக்காது, திசையைத்தான் திருப்பும். அதனால் ஆரம் மாறாமல் சுற்றிக்கொண்டே புலத்தின் வழியே நகர்கிறது. இந்தப் பாதைதான் ஹெலிக்ஸ். சில பக்கங்கள் தள்ளி, துகள்களை முடுக்கும் கருவியான சைக்ளோட்ரான். அங்கே புரோட்டானுக்கு ஆற்றல் ஏற ஏற ஆரம் பெருகி, பாதை ஒரே தளத்தில் விரிகிறது. இரண்டையும் "சுருள்" என்று எழுதினால் பிள்ளைகள் முதல் படத்திலும் ஆரத்தைப் பெருக்கி வரைகிறார்கள். போன வருடம் விடைத்தாள்களில் பார்த்தேன்.

கொசுவத்தி விரிகிறதே, அது சுருள். கயிற்றில் ஓர் இழை ஓடும் போக்கு புரி. என் வகுப்பில் பாதிப் பேர் காசிமேடு மீன்பிடித் துறைமுகப் பக்கத்துப் பிள்ளைகள். மூணு புரிக் கயிறு என்றால் அதற்கு மேல் விளக்கவே வேண்டாம்.

> புரி என்றால் 'புரிந்துகொள்'தான் நினைவுக்கு வரும். திருகுப் பாதை போதும்.

ஐயா, புரிசடை, முப்புரிநூல் இவற்றிலெல்லாம் முறுக்கு என்ற பொருள்தானே இருக்கிறது? திருகு எளிய சொல், மறுக்கவில்லை. ஆனால் மரத்தில் இறக்கும் திருகாணி நுனிக்குப் போகப் போகக் கூம்பும். மறுபடியும் ஆரம் மாறுகிறதே!

> நேர்மின் துகளுக்கு இடம்புரி, எதிர்மின் துகளுக்கு வலம்புரி என்று பெயர் வைத்துவிடலாமே.

அம்மா, எனக்கும் ஆசைதான். ஆனால் மின்னூட்டத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. புலத்தின் திசையில் போகும் எலக்ட்ரானின் பாதை வலத்திருகு, அதாவது சாதாரணத் திருகாணியின் மரை போகும் போக்கு. அதே எலக்ட்ரான் எதிர்த்திசையில் போனால் இடத்திருகு. சுற்றும் போக்கு அதேதான், முன்னேறும் திசைதான் மாறிவிட்டது. அப்புறம் இன்னொரு சிக்கல். மார்கழியில் பாடுகிறோமே வலம்புரி, அந்தச் சங்கை விலங்கியலார் இடச்சுருள் வகையில் சேர்க்கிறார்கள். நம் மரபுக் கணக்கும் அவர்கள் கணக்கும் நேரெதிர். இதைப் பன்னிரண்டாம் வகுப்பில் அவிழ்க்க நேரமில்லை.

இதுவரை திருகுக்கு நால்வர். புரிக்கு நானும் கோவை நண்பரும். சரி, கையேட்டில் "திருகுப் பாதை" என்றே போடுகிறேன். "சுருள்" சைக்ளோட்ரான் பக்கத்தில் மட்டும் வரும். ஆனால் திருகுப் பாதைப் படத்தின் கீழே "கயிற்றுப் புரி போல" என்று ஒரு வரி இருக்கும். அதை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள்.