புதுப்பிப்பு: ஊசியா, அறுவையா? முடிவெடுத்துவிட்டேன்

மூன்று மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: வயது 44, ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றுநோய், மாதவிடாய் நிற்கும் பருவம் இன்னும் வரவில்லை. சினைப்பையில் அந்த ஹார்மோன் சுரப்பதை அடக்க 28 நாளுக்கு ஒருமுறை போடும் கோசெரலின் ஊசியைத் தொடர்வதா, சினைப்பைகளையே எடுத்துவிடுவதா? பதில் எழுதிய அக்கா தங்கைகளுக்கு நன்றி.

எடுத்துவிட்டேன். பன்னிரண்டு நாளாகிறது.

ஒவ்வொரு ஊசிக்கும் இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ நகருக்குப் போக, வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் ஒருநாள் சம்பளத்தை விட வேண்டும். அதற்காக மட்டும் யாரையும் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஊசியை நிறுத்தினால் சினைப்பை மறுபடி வேலை செய்யலாம், எடுத்துவிட்டால் எடுத்ததுதான். டாக்டர் இதை இரண்டு தடவை சொன்னார். ஆனால் மரபணுச் சோதனையில் எனக்கு பிஆர்சிஏ2 என்ற, மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மரபணு மாற்றம் இருப்பது தெரிந்தது. அதோடு சினைப்பைப் புற்றுநோய் அபாயமும் வருகிறது, அதற்கு ஊசி போதாது. அங்கேதான் மனம் திரும்பியது. கருக்குழாய்களையும் சேர்த்தே எடுத்தார்கள்.

சிறு துளைகள் வழியாகச் செய்ததால் மறுநாளே வீடு. ஊசியில் பழகிய உடம்புதான், ஆனாலும் ராத்திரி உடம்பு கொதித்து வியர்க்கிறது. மூட்டும் பிடிக்கிறது.

அம்மா, "இனி உனக்கு என்னடி இருக்கு" என்று அழுதார். "நான் இருக்கேன்மா" என்றேன். அதற்கப்புறம் இருவரும் வெகுநேரம் பேசவில்லை.

அடுத்த வாரம் எலும்பு அடர்த்தி ஸ்கேன். பிறகு உடம்பில் மிச்சமிருக்கும் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை. தங்கையும் மரபணுச் சோதனைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.